வரி போக மீதி

குழந்தைசாமியைப் போல ஒரு கஞ்சனைத் தேவராஜ மார்க்கெட் பார்த்திருக்காது. கால் கிலோ பீன்ஸுக்கு நாலைந்து கடை ஏறி இறங்குவார். கன்னடத்தில் ஆரம்பித்து, விலை படியாவிட்டால் தன் சொந்த ஊரான கௌதள்ளியின் தமிழில் சண்டையை முடிப்பார். மானம் போகிறதே என்று அவர் மனைவி மோலி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். அப்படிப்பட்ட மனுஷனோடு இன்று கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர் வயிற்றில் இருந்தது புற்று. ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அவளிடம்தான் டாக்டர் முதலில் சொன்னார். அவளோ வீட்டுக்கு வந்து, வெறும் அல்சர் என்று சொல்லிவிட்டாள். ஓய்வு வேண்டும் என்று நச்சரித்து வேலையையும் விட வைத்தாள். இப்போது அவருடைய பி.எஃப். பணத்தை வாங்க வந்திருந்தார்கள். மகள் ஜெனிஃபரின் காலேஜ் படிப்பு அதை நம்பித்தான் இருந்தது.

அக்கவுண்ட்ஸ் உதயகுமார் சங்கடப்பட்டார். "சர்வீஸ் அஞ்சு வருஷம் முடியலை ஸ்வாமி. நாலு மாசம் குறையுது. வரி பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுக்க முடியும்."

"எவ்வளவு போகுமுங்க?"

தொகையைக் கேட்டதும் மோலிக்கே திக்கென்றது.

"ஒரு வழி இருக்கு," என்றார் உதயகுமார். "உடம்பு முடியாம வேலையை விட்டவங்களுக்கு வரி கிடையாது. என்ன வியாதின்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்."

மோலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனுஷன் விடுவாரா? அல்சருக்குச் சர்டிபிகேட் வாங்கிக் கொடு என்று இப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாரே! அங்கே எல்லாம் உடைந்துவிடுமே! மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

குழந்தைசாமி சிரித்தார். "எனக்கென்னங்க வியாதி? கல்லாட்டம் இருக்கறேன். நீங்க வரியைப் பிடிச்சுக்குங்க."

ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் மோலி அப்படியே நின்றுவிட்டாள். குழந்தைசாமி அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போனாப் போவுது, உடு மோலி. நீயே டாக்டர் முன்னால நின்னு அந்தப் பேரை எழுதி வாங்கோணும். அது உன்னால ஆவாது."

எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, நடுரோட்டில் அவர் மேல் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதாள்.