நாக்குக்கு வந்த வார்த்தை

திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தமிழ்மணி, ஞாயிறுதோறும் விழுப்புரத்துக்கு மூச்சுப் பயிற்சிக்குப் போவான். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கண்ணை மூடிக்கொண்டு வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு மரத்துப்போகும். சிலர் அழுவார்கள், சிலர் கத்துவார்கள். "எது வந்தாலும் வரட்டும், தடுக்காதீங்க" என்பார் பயிற்சி நடத்தும் விருத்தாசலம்.

ஒரு ஞாயிறு மனைவி கலைப்பிரியாவையும் கூட்டிப் போனான். மூச்சின் வேகம் ஏறி உடம்பு நடுங்கியபோது அவள் பக்கம் திரும்பி, "மலடி! மலடி!" என்று கத்தினான். மண்டபமே கேட்டது.

குழந்தை இல்லாததற்குக் காரணம் அவன்தான் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அவன் மானம் போகக்கூடாதென்று ஊர்ப்பேச்சையெல்லாம் தானே வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

விருத்தாசலம் அவன் தோளைத் தட்டினார். "அது நீங்க பேசுனது இல்ல சார். உள்ள இருந்த கசடு வெளிய போவுது."

திரும்பும் பஸ்ஸில் தமிழ்மணி அதையே சொன்னான். "நான் என் வசத்துல இல்ல கலை."

"அப்போ யார் வசத்துல இருந்தீங்க?"

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. "நாக்குக்கு வந்தப்பவே தெரிஞ்சுது. முழுங்கியிருக்கலாம். அங்க என்ன பேசினாலும் யாரும் தட்டிக் கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றான். காது மடல் எரிந்தது.

"அத்தினி பேர் எதிர்ல கத்திட்டு, எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆவப்போவுது?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனான். பயிற்சி தொடங்குமுன் எழுந்து நின்று, "போன வாரம் என் சம்சாரத்தைப் பேசுனது நான்தான். கசடு இல்ல. நிறுத்தியிருக்க முடியும், நிறுத்தல" என்றான். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மனசு லேசானது.

வீட்டில் கலைப்பிரியா மல்லாட்டையை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

"குறை யார்கிட்டன்னு சொன்னீங்களா?"

அவனுக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்ததை நினைக்கக் கூசியது. அவள் கோபப்படவில்லை, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சட்டையைக்கூட மாற்றாமல் அடுத்த தெருவிலிருந்த அம்மா வீட்டுக்கு நடந்தான். அந்த வார்த்தையை முதல்முதல் பேச ஆரம்பித்தவள் அம்மா வீரம்மாள்தான். டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறை எங்கிட்டதாம்மா. அவகிட்ட இல்ல."

வீரம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். "இன்னாடா சொல்ற?"

தலை நிமிராமல் இன்னொரு தடவை சொன்னான்.