சாய்ந்து உட்கார்ந்த நாத்தனார்

"நடிப்பு அத்தை, சுத்த நடிப்பு! படுக்கவச்சுக் காலைத் தூக்கினா 'ஐயோ'ங்கறா. உக்காரவச்சு நகச்சுத்தியைப் பாக்குற மாதிரி அதே காலை நீட்டினேன், வாயே தொறக்கல!"

"நெஜமாவே வலிக்குது அண்ணி!"

"ஆமா, பாத்திரம் கழுவுற நேரத்துக்குன்னு வரும் அந்த வலி."

மாடி வீட்டுச் சண்டையைக் கேட்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தியவர்கள்கூட ஒரு கதவை மட்டும்தான் சாத்தினார்கள்.

கத்திய அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தெரு அவளை 'முதுகு டாக்டரம்மா' என்றது; அவளும் திருத்தியதில்லை. லீவு சர்டிபிகேட்டுக்காக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. பேச்சுக் கொடுத்தபடியே உட்காரவைத்துக் காலை நீட்டுவாள். பொய்வலிக்காரர் பேச்சு சுவாரசியத்தில் அலற மறந்துவிடுவார். அந்த வித்தையைத்தான் சோபாவில் நாத்தனாரிடம் காட்டியிருந்தாள்.

படித்த மருமகளின் தீர்ப்பை மாமியார் அப்படியே ஏற்றுக்கொண்டார். அண்ணன்காரன் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் குடிபுகுந்தான். நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

அடுத்த வாரம் நாத்தனார் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியபோது, எதிர்ப்பட்ட இஸ்திரிக்காரர் சிரித்தார். "என்னம்மா, ஒத்தைச் செருப்போட கிளம்பிட்டீங்க? இன்னொண்ணு மாடிப்படியில கெடக்கே!"

குனிந்து பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள். காலிலிருந்து செருப்பு கழல்வது தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தெருவில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கீழே ஓடினாள்.

"பாதத்தை மேல தூக்குடி."

"தூக்குறேனே."

தூக்கவில்லை. கட்டைவிரல்கூட அசையவில்லை.

அண்ணி வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது: முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பாதம் தொங்கியபடியே நின்றுவிடும் என்றார் சர்ஜன். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். மாமியார், அண்ணன்காரன், அவளிடம் வேலை பழகும் இரண்டு பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"நீங்க பாக்கலையாம்மா?"

"உக்காரவச்சுக் காலை நீட்டிப் பாத்தேன் சார். கத்தல."

"உடம்பு என்ன பண்ணுச்சு?"

காலை நீட்டிப் பார்த்த அன்று அண்ணியின் கண் முழுக்க நாத்தனாரின் முகத்தில்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவள் பதில் சொன்னாள். "சுரீர்னு இழுத்துச்சு டாக்டர். பின்னாடி சாஞ்சு ரெண்டு கையையும் ஊனிக்கிட்டேன். அண்ணி போய் என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களேன்னு ஒரே கூச்சம். கத்த மனசு வரல."

"அந்தச் சாயறதுதான்மா அலறல்" என்றார் சர்ஜன், மெதுவாக.

நிஜ வலிக்காரர் கத்தாவிட்டாலும் பின்னால் சாய்வார்: பழகவரும் பெண்களுக்கு முதல் நாளே அண்ணி சொல்லித்தரும் பாடம் அது. இருவரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். ஆஸ்பத்திரித் தரையோ நல்ல கெட்டியான மொசைக்.

ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்காகப் பயிற்சி. தினமும் அதே சோபாவில், அதே காலை அண்ணிதான் பிடித்தாள்.

"இப்பக் கத்தலாமா அண்ணி?" என்பாள் நாத்தனார். வீடே சிரிக்கும். ஒருத்தியைத் தவிர.

கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக நின்றுகொள்ள, பாதம் பழையபடி அசையத் தொடங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தவரையே நாத்தனார் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை எலும்புவரை பார்த்துத்தான் சம்மதித்தார் என்று தெரு இன்றைக்கும் சொல்கிறது. மாமியார் மகள் வீட்டோடு போய்விட்டார். அண்ணி வேறு ஊரில், யாருக்கும் தெரியாத ஒரு ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டாள். அண்ணன்காரன் செய்தித்தாளை மடித்துக்கொண்டு பின்னால் போனான். வண்டியேறும்போது நாத்தனார் கட்டிப்பிடித்து அழுதாள். அண்ணி அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை; காலைப் பார்த்தே "வரேன்" என்றாள்.