சாம்பல் நிறப் பட்டை

என் தம்பி ஸோல்வியின் கிதாரைக் கேட்க பெர்லினில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சொந்த ஊரில் இந்த வருஷம் வரை அவன் வாசித்தது ஒரே ஒரு முறைதான். அப்போது அவனுக்கு இருபது வயது. மீன் ஆலைக்காரர்களின் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மா ரக்னா தலை நிமிராமல் பின்னிக்கொண்டே இருந்து, அவன் முடிப்பதற்குள் ஒரு காலுறையை முடித்துவிட்டார். போதாக்குறைக்கு, "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்று வேறு கேட்டார். அதன் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் கிதார் உறையைத் திறப்பதே இல்லை.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஐஸ்லாந்தின் இந்த மூலையில் பெண்கள் எங்கேயும் பின்னுவார்கள். தேவாலயம், ஊர்க்கூட்டம், பிரசவ ஆஸ்பத்திரி, எதுவும் விலக்கில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அம்மா மடியில் நூலுருண்டை இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அதில் ஒரு திமிர் உண்டு. ஒரு கண்ணி பிசகினாலும் அதுவரை பின்னியதைப் பிரித்துவிட்டு மறுபடி போடுவார். அவர் பின்னிய ஸ்வெட்டரில் குறை கண்டுபிடித்தவர் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

குளிர்காலத்தில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் எங்கள் தெருவை எட்டிப் பார்க்கும். அன்றைக்கு வீட்டுக்கு வீடு காபியும் சர்க்கரை தூவிச் சுருட்டிய பான்கேக்கும் உண்டு. இந்த வருஷம் அதற்கு முந்தைய நாள் மாலை ஸோல்வி வாசிக்க வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டது. அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான், யாரும் பின்னல் ஊசி கொண்டு வரக்கூடாது என்று. ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அது தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும்வரை காத்திருப்பவன் அவன். கூடம் நிறைய ஊசிகள் டிக் டிக்கென்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது மாதிரிதான் இருக்கும்.

"கையக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வாங்கன்னு சொல்லவா? ஒருத்தியும் வரமாட்டா" என்றேன்.

"சரி, மத்தவங்க என்னவோ பண்ணட்டும். அம்மா இந்தத் தடவையும் கேக்கலன்னா நான் இனிமே இங்க வாசிக்க மாட்டேன், ஹெர்டிஸ்."

அவன் மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்துவிடுவான்.

எல்லோரும் வந்தார்கள், பைகளோடுதான். அம்மா அதே முன்வரிசையில். ஸோல்விக்காக வாரக்கணக்கில் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர் மடியில் கிடந்தது. தோளையும் நெஞ்சையும் சுற்றி வரும் வெள்ளைப் பூவேலை மட்டும்தான் பாக்கி.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். ஒரு சுரம், அது போன பிறகு இன்னொன்று. அவசரமே இல்லை. நாங்கள் வருஷா வருஷம் சபிக்கிற அந்த இருட்டைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது சொல்வதைக் கேட்கச் சொன்னான். எனக்குத் துக்கமாகவும் இருந்தது, இவன் என் தம்பி என்று எழுந்து கத்தலாம் போலவும் இருந்தது. முதலில் ஊசியைக் கீழே வைத்தது பக்கத்து வீட்டு குட்னி, மூக்கைத் துடைக்க. பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு ஜோடி ஊசியின் சத்தம்தான் மிச்சம். அது அம்மாவுடையது. பிடுங்கி எறியலாமா என்று வந்தது எனக்கு.

கைதட்டல் ஓய்வதற்குள் ஸோல்வி கிதாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டான். அம்மாவின் கை ஓயவே இல்லை, பார்த்தாயா என்று மட்டும் என்னிடம் கேட்டான்.

மறுநாள் எங்கள் வீட்டில் காபி. வெயில் வருவதைப் பார்க்க எல்லோரும் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தோம். அம்மா முடித்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். குட்னியின் கண் சும்மா இருக்குமா? புரட்டிப் பார்த்தவள் நெஞ்சுப் பக்கம் வந்ததும் நின்றாள். அங்கே மூன்று விரல் அகலத்துக்குப் பூவே இல்லை, வெறும் சாம்பல் நிறம். அதற்கு மேல் பூ மறுபடி தொடங்கியது. இத்தனை காலம் காத்திருந்தது கிடைத்துவிட்ட சந்தோஷம் குட்னியின் முகத்தில்.

"குடு ரக்னா, நானே பிரிச்சுத் தரேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றாள். அவள் மூச்சுவிடாத விஷயம் ஊரில் எது இருக்கிறது?

அம்மா ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டார். "நேத்தே பாத்துட்டேன். அவன் வாசிக்கிறப்ப கை மட்டுந்தான் பின்னிட்டு இருந்துச்சு. நான் அங்க இல்ல."

ஸோல்வியின் கையில் பான்கேக் பாதியில் நின்றது.

"பிரிக்காம விட்டுட்டீங்களா?" என்றான்.

"பிரிச்சா நீ வாசிச்சதயும் பிரிச்ச மாதிரி ஆயிடும். போட்டுக்கோ."

அவன் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மலை முகட்டில் வெளிச்சம் வழிந்து எங்கள் தெருவில் விழுந்தது. எல்லோரும் வெளியே வந்தோம். அவன் மேல்கோட்டு இல்லாமலே நடு வெயிலில் போய் நின்றான். குட்னி அதற்குள் இரண்டு வீடு போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் குறையைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள்.

அம்மா மறைக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சாம்பல் நிறப் பட்டையைத் தானே விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என் பையன் வாசிச்ச இடம்."