வாவியில் குளித்த பஸ்

விடியுமுன்பே சாமித்தம்பி முழங்காலளவு உப்புத் தண்ணீரில் நின்றான். கல்முனையிலிருந்து முதல் நடை வந்த பஸ், வந்த சூட்டோடு வாவிக்குள் இறக்கப்பட்டிருந்தது. அவன் வாளி வாளியாக அள்ளிச் சக்கரங்களில் ஊற்றினான். தண்ணீர் சுர்ரென்று சீறி, ஆவி முகத்தில் அடித்தது. தேங்காய்ப் பொச்சுமட்டையால் சேற்றைத் தேய்க்கத் தேய்க்க, உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு ஏறிக் காந்தியது.

கையைவிட வயிறு அதிகம் எரிந்தது. கரையிலுள்ள கராஜில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஹலீம் வேலை செய்துகொண்டிருந்தான். காத்தான்குடியிலிருந்து போன மாரிக்கு வந்தவன், அதற்குள் தலைமை மிக்கானிக்! இந்தக் கராஜிலேயே மீசை முளைத்த சாமித்தம்பிக்கு வாளியும் பொச்சுமட்டையும். கனகசிங்கம் முதலாளி ஹலீமின் தோளில் தட்டிப் பேசுவார். சாமித்தம்பியை "டேய்" என்பதோடு சரி. ஹலீம் தேத்தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூட அவனுக்குப் பொறுக்காது.

முதலாளிக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. ஏறாவூரில் இன்னொருவரின் பஸ் கண்ணாடி போலப் பளபளக்கிறதாம். அதைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. வண்டி வந்ததும் வராததுமாக வாவிக்குள் இறக்கிக் கழுவி, அடுத்த நடைக்கு நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்.

கொஞ்ச நாளாக அந்தப் பஸ்ஸுக்கு ஒரு நோய். பிறேக்கை மிதித்தால் முன்பக்கம் நடுங்கும், ஸ்டியரிங் சாரதியின் கையை உதறும். ஹலீம் பிறேக்குக்குப் புது லைனிங் போட்டான். நடுக்கம் போகவில்லை. அன்று சாமித்தம்பிக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது. பிறகு சாமித்தம்பி, வேலை தனக்கும் தெரியும் என்று காட்ட, சக்கரத்தைக் கழற்றிப் பெயாரிங் மாற்றினான். அப்போதும் போகவில்லை. ஹலீம் வாய்க்குள் சிரித்தான். ஒருவன் கண்டதை மற்றவன் கேட்கவுமில்லை, கண்டவன் சொல்லவுமில்லை.

வாவியில் கழுவிய பஸ் அன்று காலையே ஏறாவூருக்கு அடுத்த நடை போனபோது, தன்னாமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. சாரதி நல்லரத்தினம் பிறேக்கை அழுத்தினார். ஸ்டியரிங் வெறிகொண்டு சுழன்று அவர் மணிக்கட்டை முறித்தது. பஸ் மதகில் மோதி நின்றது. பஸ்ஸில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த இரத்தினம்மா என்ற பெண்ணுக்கு நெற்றி பிளந்து இரத்தம் ஓடியது. எருமை பூட்டித்தான் வண்டியைக் கராஜுக்கு இழுத்து வந்தார்கள்.

சனம் தன்னைக் குற்றம் சொல்லுமுன் முதலாளி சாமித்தம்பியைத் தனியே கூப்பிட்டார்.

"ஹலீம்ட வேலைதான் பிழை எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லு. அவனையும் நல்லரத்தினத்தையும் வேலையால நிப்பாட்டிப் போடுறன். நாளையிலிருந்து நீதான் தலைமை."

சாமித்தம்பி எத்தனை இரவு கனவில் கேட்ட பேச்சு! ஹலீமின் முகம் போகிற போக்கைப் பார்க்கும் ஆசையோடு கராஜுக்குள் நுழைந்தான். கையில் பச்சிலைப் பத்தும் கட்டுமாக நல்லரத்தினம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஹலீம் ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சாமித்தம்பி, இதைக் கொஞ்சம் சுத்திப் பாருங்க. ஒரு இடத்தில பிடிக்குது, ஒரு இடத்தில விடுது. பிறேக் டிறம் வட்டம் கெட்டிரிக்கு. எப்பிடிக் கெட்டதெண்டுதான் எனக்கு விளங்கல்ல."

சாமித்தம்பி சுற்றினான். பிடித்தது; விட்டது. காலையில் முகத்தில் அடித்த ஆவி நினைவுக்கு வந்தது. சொல்ல மனமே இல்லை. ஆனால் வாங்கில் நல்லரத்தினம் வலியில் முனகிய சத்தம் அவனைச் சும்மா விடவில்லை.

"நான் தண்ணி ஊத்தக்குள்ள சுர்ரெண்டு ஆவி வரும். காய்ச்சின இரும்பில தண்ணி பட்டா வளையாம என்ன செய்யும்?"

ஹலீம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "யா அல்லாஹ்! இதை ஏன் முந்தியே சொல்லல்ல?"

"நீ கேட்டியா? டிறம் பிடிக்கிற கதையை நீ எனக்கு முந்தியே சொன்னியா?"

நல்லரத்தினம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு பேரும் சொல்லாம இரிந்தீங்க. எனக்கு இது மிச்சம்."

முதலாளி நல்லரத்தினத்தை வேலையால் நிப்பாட்டப் போகிறார் என்பதை மட்டும் சாமித்தம்பி சொன்னான். பிறகு மூவருமாக வெளியே நின்ற முதலாளியிடம் வந்தார்கள். கொண்டக்டர்மாரும் கூடிவிட்டார்கள்.

"முன் டிறம் ரெண்டும் மாத்தணும், முதலாளி," என்றான் ஹலீம். "வண்டி ஆறினாப் பிறகுதான் கழுவணும். கை முறிஞ்ச மனிசனை நிப்பாட்ட ஏலாது."

"என்ட பஸ்ஸை எப்பக் கழுவிற எண்டு நீயா எனக்குச் சொல்ற?"

"பஸ் உங்கட. முறியிற கை எங்கட."

முதலாளி அவனை விட்டுத் திரும்பினார். "சாமித்தம்பி, நீ சொல்லு. ஆருட பிழை?"

அவர் வாயில் தன் பெயர் வந்தது சாமித்தம்பிக்கு இனிக்கத்தான் செய்தது. அதற்குள் ஹலீம் போய், மற்ற பஸ்கள் வெளியேறும் வாசலில் சம்மணம் கொட்டி உட்கார்ந்துவிட்டான். நல்லரத்தினமும் கொண்டக்டர்மாரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இதிலும் முந்திவிட்டான்! சாமித்தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். பேசுவதிலாவது முந்த வேண்டும் என்று குரலை உயர்த்தினான்.

"பிழை உங்கட உத்தரவில, முதலாளி! புது டிறம் வாறமட்டும் ஒரு பஸ்ஸும் வெளிக்கிடாது."

"உன்னையும் நிப்பாட்டுவன்!"

"நிப்பாட்டுங்க. இந்த வாசலால எந்த வண்டி போகுதெண்டு பாப்பம்."

கல்முனைக்குப் போக வந்த சனம் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தது. முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாமித்தம்பி ஹலீமிடம் போய் நின்றான்.

"தள்ளியிரி."

ஹலீம் தள்ளி இடம் விட்டான்; சாமித்தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். ஹலீம் தள்ள நல்லரத்தினம் தள்ள, கொண்டக்டர்மார் தள்ள, வாசல் ஓரத்திலிருந்து ஓரம் வரை அடைபட்டது.