ஆவுடை சொல்லாத பெயர்

குறுக்கே அறுத்த பூசணிக்காய் மாதிரி திரையில் என் பெண்டாட்டியின் தலை, சின்ன வயசு டாக்டர் பிள்ளை அதைப் பார்த்துத்தான் பேசுகிறது, இந்தக் காலத்தில் எவருக்கும் ஆளைப் பார்த்துப் பேசத் தெரிவதில்லை, ஆவுடை பக்கத்திலேயே உயிரோடு உட்கார்ந்து சேலை நுனியைத் திருகிக்கொண்டிருக்கிறாள், ரத்தத்துல ஓடுற கண்டதும் மூளைக்குள்ள போயிராம ஒரு தடுப்பு இருக்கு ஐயா, ஆச்சிக்கு அது கசியுது, ஊசியில ஏத்துன மருந்து ரத்தத்த விட்டு வெளிய வந்திருக்கு பாருங்க, ஞாபகம் சேருற இடம் என்று பேனாவால் தொட்டது, எனக்கு ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் தெரிந்தது, குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடாத பொம்பளை எவள் இருக்கிறாள், இந்த ஸ்கேன் படம் இன்னும் ஆராய்ச்சிதான் ஐயா, முடிவாச் சொல்ல முடியாது, ஆனா ஞாபகத்துக்குக் கேட்ட கேள்வியிலயும் மார்க் குறைவு, வீட்டுக்காரர் பேரையே சொல்லல என்கிறது, எனக்குச் சுரீரென்றது, அவள் எந்தக் காலத்தில் சொன்னாள், கல்யாணத்தன்று வாசலை மறித்த மதினிமார், பேரைச் சொன்னாத்தான் உள்ள விடுவோம் என்கிறார்கள், பத்தொன்பது வயசு ஆவுடை கொதிக்கிற வெயிலில் நிற்கிறாள், நிற்கிறாள், சலித்துப்போய் அவர்களே வழிவிட்டார்கள், மூத்தவன் பிறக்கும்போது வலியில் துடிக்கிறவளை, புருஷன் பேரு என்னடி என்று நர்சம்மா அதட்டுகிறாள், அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைக் கையால் காட்டினாள், டீக்கடையில் அதை எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன், நாற்பத்தாறு வருஷம் நாக்கில் வராத பேர் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று எவன் கண்டான், ஒரு தரம் சொல்லேன் என்று நானும் கேட்டதில்லை.

எங்க பக்கம் பொம்பளைக பேர் சொல்ல மாட்டாகம்மா என்றேன், அந்தப் பிள்ளை யோசித்தது, சரி ஆச்சி, நீங்க சொல்ல வேண்டாம், நான் நாலு பேரு சொல்லுதேன், சரியான பேருக்குத் தலையை மட்டும் ஆட்டுங்க என்றது, முதல் பேருக்கு ஆவுடை முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள், போங்கம்மா, இந்த வயசுல என்ன கூத்து இது என்றாள், இரண்டாவது பேருக்குச் சிரிப்பு நின்றது, என் முகத்தைப் பார்த்தாள், கடைக்காரனிடம் வழி கேட்கிறவள் மாதிரி, மூன்றாவதாக என் பேர் வந்தது, என் தலை ஆடிவிட்டது, துளிதான், அதைப் பார்த்துக்கொண்டே அவளும் ஆட்டினாள்.

பாத்தீகளா, ஆட்டிட்டா, உங்க படந்தான் தப்பு என்றேன், அந்தப் பிள்ளை எதுவும் எழுதவில்லை, ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க ஐயா என்று சீட்டை நீட்டுகிறது, நான் வாங்கவில்லை, ஆவுடையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன், ஆட்டினாளே, நான் ஆட்டாவிட்டாலும் ஆட்டியிருப்பாள்.