பின்சீட்டில் ஏறிய பெட்டி

ஆயுசு முழுக்க, வாயை ஆவென்று திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் நம் பல் டாக்டர். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்லிக்கொள்வார். எதிராளி வாயில்தான் பஞ்சு இருக்கிறதே, எப்படி மறுத்துப் பேசுவது? அதனால் யாராவது பதிலுக்குப் பதில் பேசினால் மனிதருக்குத் தலை சுற்றும்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் அவர் மனைவி. எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் கிர்ரென்று மிஷின், இந்தப் பக்கம் வீங்கிய கன்னங்கள். புருஷனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அவள் அப்புறம், அப்புறம் என்று விழுங்கியே காலம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியை மூடியதும் டாக்டருக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. ஆசை இருந்து என்ன, முட்டி ஒத்துழைக்க வேண்டாமா? அதனால் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று சக்கரம் வைத்த வண்டியாக வாங்கினார். பின்னால் சோபா மாதிரி சாய்மானத்தோடு ஒரு சீட். "இந்த வயசுல இந்தக் கூத்தெல்லாம் தேவையா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறிய டாக்டரம்மா, இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினாள். வண்டி ஓட்டுகிறவர் எழுந்து போக முடியாது. கதவைச் சாத்த முடியாது. தேக்கி வைத்த பேச்சையெல்லாம் அவர் முதுகில் கொட்டினாள். அவரும் "ம்" கொட்டினார். அவளுக்கு அது போதும்.

இது பொறுக்குமா உலகத்துக்கு? மூன்று சக்கர வீரர்கள் சங்கம் என்று ஒன்று வந்து சேர்ந்தது. எல்லாம் முட்டி தேய்ந்த சிங்கங்கள். தலைவர் முன்பு சிமெண்ட் ஏஜென்ட். இப்போது கறுப்புக் கண்ணாடி. அவர் டாக்டர் வண்டியைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினார்.

"வண்டி இருக்கு டாக்டர். சத்தம் இல்லையே! ஊமை வண்டியை எங்க வரிசையில எப்படி விடறது?"

மறுநாளே ஆம்ப்ளி வந்துவிட்டான். கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டி அந்தப் பெயரை வாங்கியவன். டேப்பை நீட்டி வண்டியின் நீளம் அகலம் பார்த்து, தாடையைச் சொறிந்தான்.

"சின்ன ஸ்பீக்கரை ஹேண்டில்ல மாட்டிடலாம் சார். தம்தம்னு அதிர்ற ஊஃபர் பெட்டிக்குத்தான் இடம் இல்ல. பின்சீட்டைக் கழட்டினா கச்சிதமா உக்காரும்."

"அப்ப நான்?" என்றாள் டாக்டரம்மா.

"நீங்க வீட்ல உக்காருங்கம்மா," என்றான் ஆம்ப்ளி, வெகு மரியாதையாக.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வண்டியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு மட்டும்தாம்மா. அப்புறம் கழட்டி மாட்டிக்கலாம்."

அந்த அப்புறத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தின்றே வயிறு வளர்த்தவள் அல்லவா?

சீட் வராந்தா மூலைக்குப் போனது. பெட்டி ஏறியது. அது நழுவி விழக் கூடாதாம், பெல்ட் வேறு! 'எனக்குக்கூட இந்த உபசாரம் நடக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் பாட்டைப் போட்டார். அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. அடுத்த நிமிஷம், பழைய பழக்கத்தில் பல்லுக்கு வைக்கும் பஞ்சை உருட்டிக் காதில் சொருகிக்கொண்டார். சங்கத்தாருக்கும் ஒரு டப்பா எடுத்துப் போனார். அவர்களும் நன்றி சொல்லி வாங்கிச் சொருகிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாட்டு, அத்தனையும் முழுச் சத்தத்தில், அத்தனை காதிலும் பஞ்சு! ஊரே திரும்பிப் பார்க்க ஊர்வலம் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் போன் அடித்தது. அணைக்கட்டுப் பூங்காவிலிருந்து டாக்டர்.

"ஏம்மா, உன் தம்பியோட வேனை அனுப்பேன். ஸ்பேனர் பெட்டியும் வேணும். வண்டி மதில்ல முட்டி நிக்குது, நகர மாட்டேங்குது."

"ரிவர்ஸ் எடுக்கிறதுதானே?"

"அதுக்கும் பேட்டரி வேணுமாம்."

நடந்தது இதுதான். ஜனங்கள் பக்கம் ஸ்பீக்கர் பார்க்க வேண்டும் என்பதால், முன்சக்கரம் மதிலில் முட்ட நிறுத்துவது அந்தச் சங்கத்து வழக்கம். மதிலை நோக்கி நல்ல சரிவு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் அலற விட்டிருக்கிறார்கள். பாட்டு பேட்டரியைக் குடித்து முடித்துவிட்டது. முன்னால் மதில், பின்னால் போக உயிர் இல்லை. அந்தக் கனத்தை மேட்டில் தள்ள எவர் முட்டிக்கும் தெம்பு இல்லை. சிங்கங்கள் எல்லாம் மதிலைப் பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தன.

தண்ணீர் கேன் வேனில் தம்பி வந்து இறங்கினான்.

"என்ன மாமா, எல்லாரும் சுவத்தைப் பாத்து நிக்கறீங்க? வாத்தியார் தண்டனை குடுத்துட்டாரா?"

"கிண்டல் அப்புறம். பேட்டரிக்கு ஒயர் குடுடா."

"பேட்டரி எங்க இருக்கு?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். பின்சீட்டுக்கு அடியில். இப்போது பெட்டிக்கு அடியில். தலைவர் வண்டியிலும் அப்படியே. மற்ற வண்டிகளிலும் அப்படியே. தம்பியோடு வந்திருந்த டாக்டரம்மா வேனிலிருந்து இறங்கி வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் பெட்டிதான். ஒருவர் பெண்டாட்டிக்கும் இடமில்லை.

"பெட்டியைக் கழட்டித்தான் ஆகணுமா?" என்று தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லிடாதீங்கம்மா. இதை வெச்சப்பவே பேச்சை நிறுத்திட்டா."

"உங்க காதுலதான் பஞ்சு இருக்கே. அவங்க பேசினாத்தான் என்ன, பேசாட்டித்தான் என்ன?"

தலைவர் பஞ்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வண்டிப் பெட்டியை முதலில் கழற்றினார்கள். தம்பி வேன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் இன்ஜின் உறுமியது. பெட்டியைத் தூக்கிக் கேன்களுக்கு நடுவே வைத்தான். வைத்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னொன்றைச் சுமந்து வந்தான். சாய்மானம் வைத்த சீட்.

"ஸ்பேனர்தானே கேட்டேன்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணை மாட்ட வேண்டாமா?" என்றாள் டாக்டரம்மா. " எனக்கு அப்புறம்னா ஆகாதுங்க. இப்பவே மாட்டுங்க."

பதில் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும் என்றேனே, சுற்றத்தான் செய்தது. ஆனாலும் மதிலுக்கு முன்னால் நிற்கும் மனிதர் வேறெங்கே போவார்? மண்டி போட முட்டி விடாததால், குனிந்து நின்றே ஒவ்வொரு போல்ட்டாகத் தன் கையால் முறுக்கினார். அவள் ஏறி உட்கார்ந்து, சாய்ந்து ஆட்டிப் பார்த்தாள். பெல்ட்டையும் விடாமல் போட்டுக்கொண்டாள்.

ஹேண்டிலில் இருந்த சின்ன ஸ்பீக்கரின் பொத்தானில் விரலை வைத்து, "மெதுவா ஒரு பாட்டு போடட்டுமா?" என்றார் தயங்கியபடி.

டாக்டரம்மா கையை நீட்டி, அவர் இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"முதல்ல ரிவர்ஸ் எடுங்க. நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."

"ம்," என்றார்.