இல்லாத விரல்களுக்கான விசைகள்

உத்தமனின் இடது கையில் நான்கு விரல்கள் 1987-இல் போயின. 1991-இல் அவை தட்டச்சு செய்ய ஆரம்பித்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் அவை அரித்தன. இல்லாத விரல் கொஞ்ச நாள் அரிக்கும், பிறகு விட்டுவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். விடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவன் பிரஸ் ஓட்டினான். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் மேனேஜர் கேட்கும் உருப்படி ஷிப்டுக்குள் வராது. அதனால் எல்லோரும் இடது பட்டனில் ஆப்பு செருகி அதை அமுங்கியபடியே வைத்துவிட்டு, வலது கையால் ஓட்டி, இடது கையால் தகட்டை எடுப்பார்கள். உத்தமனின் ஆப்பு புளியங்கட்டையில் அவனே செதுக்கியது. ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கும்போது ஆப்புக்கும் ஒன்று வைப்பார்கள். விரல்கள் போன பிறகு பிரஸ்ஸைக் கழுவி, வேறு ஆளை நிறுத்தினார்கள். ஆப்பை யாரும் தூக்கிப் போடவில்லை. நல்ல ஆப்பு.

உத்தமனை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் அவன். அரிக்கும் இடத்தில் ஒரு விசை இருந்தால் விரல் அசைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தான். ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கி அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் பொருத்தினான். முதுகுப் பக்கம் மோட்டார் சைக்கிள் பேட்டரி. அதன் ஆசிட் பட்டுச் சட்டைகள் ஓட்டையாயின. வலது மணிக்கட்டில் சிவப்பு எழுத்து ஓடும் சிறு திரை. இடது கை மொட்டையான இடத்தில் ஒரு பட்டை. அதில் கட்டைவிரலுக்கு ஒரு விசை, இல்லாத விரல்களுக்குத் தலா ஒன்று. எந்தெந்த விசைகள் சேர்ந்து இறங்குகின்றனவோ அதற்கேற்ப ஓர் எழுத்து விழும். எல்லாவற்றையும் தோல் பெல்ட்டில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அவன் மனைவி கஸ்தூரி பார்த்தாள்.

“எனக்கு வாங்கித் தராத ஒட்டியாணத்த நீயே கட்டிக்கினியா?”

அவன் பதில் சொல்வதற்குள் விசைகள் தாமாகவே இறங்கின. எழுத்துகள் ஆங்கிலம், பேச்சு ஊர்ப் பேச்சு. “இருட்டா கீது” என்று ஓடியது.

பிறகு விரல்கள் எழுதியதிலிருந்து விவரம் தெரிந்தது. கழிவுத் தகட்டோடு போன விரல்கள் ஏதோ ஓர் உலையில் உருகி, புதுத் தகடாகி, அதே தொழிற்சாலைக்கு லாரியில் திரும்பியிருந்தன. அந்தத் தகட்டில் அடித்த வாஷர் ஒன்றை மெக்கானிக் அதே பிரஸ்ஸில் மாட்டியிருந்தார். அங்கிருந்துதான் பேசின. இதைக் கேட்ட கஸ்தூரி கவலைப்படவில்லை. அந்த பிரஸ்ஸில் இப்போது நிற்பது அவளுடைய ஒரே தம்பி பாஸ்கரன்; அவனுக்குப் பக்கத்தில் ஒரு துணை ஆயிற்று. தினமும் மத்தியானம் ஸ்டோருக்குப் போன் செய்து, தம்பி சாப்பிட்டானா என்று விரல்களிடம் கேட்கச் சொல்வாள். “சாப்ட்டான். ரசம் தண்ணி” என்று பதில் வரும். இப்படியே இரண்டு வருடம் போனது.

1993 புரட்டாசியில் விரல்கள் வேறு மாதிரி எழுதின. “மச்சான் கை கிட்ட வருது.” மறுநாள், “இன்னும் கிட்ட வருது.” கஸ்தூரி அதைப் படித்துவிட்டுச் சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். உத்தமன் பாஸ்கரனிடம் போய், ஆப்பை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் ஓட்டு என்றான்.

“இன்னா மாமே, போன விரலு புத்தி சொல்லுதா? இருந்தப்போ எங்க போச்சாம் அந்தப் புத்தி?” என்றான் பாஸ்கரன். பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். “ஆப்ப எடுத்தா உருப்படி யாரு தருவா? உன் விரலு வந்து ஓட்டுமா?”

ஆயுத பூஜையன்று குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கஸ்தூரி மறைத்து நிற்க, உத்தமன் பிரஸ்ஸிலிருந்து தன் ஆப்பை உருவிக்கொண்டான். பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டார்கள். அன்று விரல்கள் எதுவும் எழுதவில்லை. தம்பியின் கை பிழைத்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை ஆப்பைக் காணாமல் பாஸ்கரன் கொஞ்சம் தேடினான். பிறகு பூஜையில் உடைத்த தேங்காயின் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகினான். ஓடு வழவழப்பானது. பட்டன் ஒரு முறை அமுங்கும், ஒரு முறை அமுங்காது. மேல் அச்சு வராத நேரத்தில் என்ன கோளாறு என்று, வலது பட்டனை விடாமலே இடது கையை உள்ளே விட்டுப் பார்த்தான். அப்போது வந்தது. பழைய ஆப்பு இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருக்காது என்றார் ஃபோர்மேன் செங்கல்வராயன். அது உண்மையாகவே இருக்கலாம். ஸ்டோர் ரூமில் உத்தமனின் மணிக்கட்டில் “வந்துட்டாங்க” என்று ஓடியது.

கஸ்தூரி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு போட்டாள், தட்டைக் கழுவினாள், பேசவில்லை. சில மாதம் கழித்து, பாஸ்கரனின் விரல்கள் போன தகடும் உலைக்குப் போய்த் திரும்பிய பிறகு, விசைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தன. “எடம் பத்தல” என்று வந்தது. உத்தமன் பட்டையை நீட்டிப் பாஸ்கரனுடைய மூன்று விரல்களுக்கும் விசை வைத்தான். பாஸ்கரன் வந்து எதிரில் குந்தினான்.

“என்னுதுங்க இன்னா சொல்லுதுங்க மாமே?”

“ஆப்பு நல்லா கீதாம். இப்ப நிக்கிறவன் வேப்பங்கட்டைல செஞ்சிக்கினானாம்.”

பாஸ்கரன் தலையாட்டினான். வேம்பு சரியான மரம்தான்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டின் மற்ற பிரஸ் ஷாப்புகளிலிருந்தும் விரல் போன ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள், கையைப் பேண்ட் பைக்குள் விட்டபடி. பட்டை முழங்கையைத் தாண்டித் தோள்வரை ஏறியது. பாடி ஸ்டாப்பில் பஸ் ஏறினால் கண்டக்டர் மற்றவர்களை இரண்டு ஆள் இடம் விட்டு நிற்கச் சொல்வார். அவ்வளவுதான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1998 ஆயுத பூஜைக்கு உத்தமன் பெல்ட்டைக் கழற்றி அரிவாள்மணை, சைக்கிள் பக்கத்தில் வைத்தான். கஸ்தூரி குங்குமம் குழைத்து டிபன் பாக்ஸுக்கு ஒரு பொட்டு வைத்தாள், பிறகு விசை விசையாக வைத்துக்கொண்டே வந்தாள். பட்டையின் கோடியில் உத்தமன் முன்கூட்டியே செய்து வைத்திருந்த, இன்னும் ஆள் வராத இரண்டு விசைகள் இருந்தன. அவற்றுக்கும் வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, “பொரி எடுத்துக்கோ” என்றாள்.